எப்பவும் வர்றதுதான்

ராத்திரி இரண்டு மணி. தெருவில் நிற்கும் ஒரு கார் திடீரென்று அலற ஆரம்பிக்கிறது. ஆறு விதமான சத்தம், மாற்றி மாற்றி. நீங்கள் என்ன செய்வீர்கள்?

விளக்கைப் போட்டு, தடியை எடுத்துக்கொண்டு, திருடனைப் பிடிக்க ஓடுவீர்களா? மாட்டீர்கள். 'எவன் வண்டியோ, சனியன்' என்று முனகிவிட்டுத் தலையணையைக் காதுமேல் போட்டுக்கொள்வீர்கள். பூனை ஏறியிருக்கும், லாரி போயிருக்கும், தென்னை மட்டை விழுந்திருக்கும். திருடனைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே வைத்த அலாரம் அது. அதைக் கேட்டதும் தெருவில் ஒருத்தருக்கும் ஞாபகம் வராத ஒரே ஆசாமி, திருடன்தான்.

நிஜமாகவே திருடன் வந்தாலும் கார் இதே மாதிரிதான் அலறும். நாமும் இதே மாதிரிதான் புரண்டு படுப்போம்.

கார் போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இதே கதை ஒரு வங்கியின் கம்ப்யூட்டரிலோ, ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.விலோ நடந்தால்? நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் அக்கா பையன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சென்னையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன். சர்வர் என்றால் தோசை கொண்டுவருகிறவர் ஞாபகத்துக்கு வரும் தலைமுறை நான். இதுவும் கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துவந்து தருகிற ஆசாமிதான். டிப்ஸ் மட்டும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அன்றைக்கு அவன் 'ஆன் கால்'. அப்படியென்றால் வீட்டில் இருக்கலாம், ஆனால் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இலைக்குப் பக்கத்தில் போன். சாம்பார் சாதம் முடிவதற்குள் அது பத்துத் தடவையாவது அதிர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இடது கையால் புரட்டிப் பார்ப்பான், திருப்பி வைப்பான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல மாமா. எப்பவும் வர்றதுதான்."

"எப்பவும் வர்றதுன்னா எதுக்குடா வருது?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது மாமா" என்று சிரித்தான். ரசத்துக்கு வந்தபோது புரட்டிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான்.

எனக்கு அந்தப் பதில் உறுத்தியது. பாயசம் முடிந்ததும் உட்காரவைத்து விசாரித்தேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒரு பெரிய கம்பெனியில் ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இருந்தால், அவற்றைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் இருக்கும். 1999இல் ஓர் அமெரிக்க இளைஞர் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு நாகியோஸ் என்று பெயர் மாறியது ஒன்று. நம் சென்னையில் உருவான ஆப்மேனேஜர் ஒன்று. இன்னும் பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட்டு 'சௌக்கியமா?' என்று கேட்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, மெமரி போதுமா, நெட்வொர்க் ஓடுகிறதா. வைத்திருக்கும் எல்லைக்கோட்டை ஏதாவது தாண்டினால் உடனே அலாரம். ஈமெயில், எஸ்.எம்.எஸ்., போன்.

நல்ல ஏற்பாடுதானே? ஆமாம், கோட்டை யோசித்துப் போட்டால். பெரும்பாலான இடங்களில் மென்பொருளோடு வந்த எல்லைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் கத்து. பிராஸசர் 80 சதவீதம் ஓடினால் கத்து. ராத்திரி பேக்கப் ஓடும்போது பிராஸசர் 80 சதவீதம் ஓடத்தான் செய்யும், அது அதன் வேலை. ஆனால் தினமும் ராத்திரி ஒரு மணிக்குக் கத்தும். பார்க்கிறவர் தினமும் அதை மூடுவார். மூன்றாம் மாதம் படிக்காமலே மூடுவார்.

அவன் டீமில் அப்படித்தான் ஒன்று நடந்தது. நைட் ஷிப்டில் ஒரு புதுப் பையன். நூற்றுக்கணக்கான வெட்டி அலாரங்களுக்கு நடுவே நிஜமான ஒன்று வந்து போயிருக்கிறது. அவன் கவனிக்கவில்லை. வாடிக்கையாளரின் தளம் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. காலையில் விசாரணை. 'அலாரம் வந்ததற்குப் பதிவு இருக்கிறதே, நீ ஏன் பார்க்கவில்லை?' நியாயமான கேள்வி. அதே பதிவில், அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த குப்பையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சிஸ்டம் சரியாக வேலை செய்தது, மனிதர்தான் தவறிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். பையன் புரொபேஷனில் இருந்தான். அனுப்பிவிட்டார்கள்.

"அந்த சீட்ல நான் இருந்திருந்தாலும் அதேதான் மாமா" என்றான் இவன்.

நான் படித்தது பி.காம். தணிக்கைப் பாடத்தில் 1896ஆம் வருட இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று வரும். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய் மாதிரி, வேட்டை நாய் அல்ல என்று நீதிபதி சொன்னது. காமர்ஸ் படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம், பரீட்சையில் நிச்சயம் வரும். ராத்திரி முழுக்கக் குரைத்துக்கொண்டே இருக்கிற காவல் நாயை என்ன செய்வது என்று மட்டும் எங்கள் வாத்தியார் சொல்லித்தரவில்லை.

இதற்கு விலை எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன்.

நைட் கேப்பிட்டல் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. பங்குச் சந்தையில் மற்றவர்களுக்காக வாங்கி விற்பவர்கள், பெரிய கை. 2012 ஆகஸ்ட் முதல் தேதிக்காகப் புதிய புரோகிராம் ஒன்றை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதில் விட்டுப்போயிற்று. அதில் பல வருஷம் முன்பே உபயோகத்தை நிறுத்திய பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை 8 மணி 1 நிமிடத்துக்கு அவர்கள் சிஸ்டமே தானாக ஈமெயில் அனுப்ப ஆரம்பித்தது. அந்தப் பழைய புரோகிராமின் பெயரையே சொல்லி, இதில் பிழை என்றது. சந்தை திறப்பது 9.30க்கு. அதற்குள் 97 ஈமெயில்கள்.

ஒருத்தரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த மாதிரி மெயில்களை அலாரம் என்று அங்கே யாரும் கருதவில்லை, வந்தால் படிக்கிற வழக்கமும் இல்லை. நம் பையன் பாஷையில், எப்பவும் வர்றதுதான்.

9.30க்குச் சந்தை திறந்தது. பழைய புரோகிராம் விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 154 கம்பெனிப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து, தனிக் கம்பெனியாக இல்லாமல் போயிற்று. 97 மெயிலில் ஒன்றை ஒருத்தர் படித்து, 'என்னய்யா இது?' என்று எழுந்திருந்தால் போதும். ஒன்றரை மணி நேரம் அவகாசம் இருந்தது.

பணம்தானே, போகட்டும் என்பீர்கள். அடுத்ததில் நம்ம ஊர்ப் பக்கமும் வருகிறது.

டார்கெட் என்பது அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிகக் கடைத்தொடர். 2013இல் ஹேக்கர்கள் அவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, கல்லாவில் தேய்க்கிற கார்டுகளின் விவரங்களைத் திருடினார்கள். சுமார் 4 கோடி கார்டுகள். கண்காணிக்க ஆள் இல்லையா? இருந்தார்கள், பெங்களூரில். அந்த நவம்பர் 30ஆம் தேதி பாதுகாப்பு மென்பொருள் எச்சரித்தது. பெங்களூர்க் குழு அதைத் தலைமையகமான மினியாபொலிசுக்குத் தெரிவித்தது. அங்கே பார்த்தவர்கள் உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். தினம் தினம் மலையாகக் குவிகிற எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று. டிசம்பர் 19ஆம் தேதி விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த மே மாதம் தலைமை அதிகாரி பதவி விலகினார். பெங்களூர் நாய் சரியாகத்தான் குரைத்தது. ஆனால் குரைப்புக்கு மதிப்புப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிகளில் இது இன்னும் மோசம். படுக்கைக்குப் படுக்கை மானிட்டர், ஒவ்வொன்றும் கீக் கீக் என்று கத்தும். இவற்றில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் 'ஜாயின்ட் கமிஷன்' 2013இல் சொன்னது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை, அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டன. அதில் 80 மரணத்தில் முடிந்தன.

ஏன் இப்படிப் பெருகுகிறது? யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு மீட்டிங் நடக்கும். 'இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?' என்று மேலிடம் கேட்கும். 'புதுசாக ஓர் அலாரம் வைத்திருக்கிறோம் சார்.' அத்தோடு ஃபைல் மூடப்படும். சேர்ப்பதற்குச் செலவில்லை, பாராட்டும் உண்டு. நீக்குவதற்குத்தான் தைரியம் வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் 'இதை எடுத்தது யார்?' என்ற கேள்வி வருமே!

காமர்ஸ்காரன் கண்ணுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. நோட்டு அடிக்கிற மெஷின் கையில் இருக்கிறதென்று அரசாங்கம் அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கையில் கட்டுக் கட்டாகப் பணம் இருக்கும், ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க முடியாது. அலாரமும் ஒரு நோட்டுதான். அதைக் காட்டி ஒரு மனிதரின் கவனத்தை வாங்குகிறோம். வெட்டி அலாரம் ஒவ்வொன்றும் மற்ற எல்லா அலாரங்களின் மதிப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. கடைசியில் உயிர் போகிற நேரத்தில் நோட்டை நீட்டினால், கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் ரசாயன ஆலைக்காரர்கள். 1994 ஜூலை 24, வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் என்ற இடத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய வெடிவிபத்து. 26 பேருக்குக் காயம். விசாரணையில் தெரிந்தது இது: வெடிப்பதற்கு முந்தைய சுமார் 11 நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேருக்கு வந்த அலாரங்கள் 275. இரண்டு, மூன்று விநாடிக்கு ஒன்று. படிக்கவே நேரமில்லை, எங்கே யோசிப்பது? இதற்குப் பிறகு 1999இல் பிரிட்டனில் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. சாதாரண நேரத்தில் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்றால் சமாளிக்கலாம் என்றது. மென்பொருள் உலகம் தாமதமாக வந்து சேர்ந்தது. கூகுள் எஞ்சினீயர்கள் 2016இல் வெளியிட்ட புத்தகத்தில், 12 மணி நேர ஷிப்டுக்கு அதிகபட்சம் 2 சம்பவங்கள் என்று எழுதினார்கள். ஒரு பிரச்னையைத் தீர்த்து, மூல காரணம் கண்டுபிடித்து, அறிக்கையும் எழுதி முடிக்க 6 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இரண்டு ஆறு பன்னிரண்டு. எட்டாம் கிளாஸ் கணக்குதான், ஆனால் யாரோ உட்கார்ந்து போட வேண்டியிருந்தது.

சரி, நம் பையன் டீம் என்ன ஆயிற்று? அந்தப் புதுப் பையன் போனபிறகு அவர்களுடைய மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வாரம் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்தார். அந்த வாரம் அதிகமாகக் கத்திய பத்து அலாரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: 'இது வந்தபோது நம்மில் யாராவது எழுந்து ஏதாவது செய்தோமா?' இல்லை என்றால் அது அலாரம் இல்லை, வெறும் செய்தி. செய்திக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆளை எழுப்ப வேண்டாம், காலை ரிப்போர்ட்டில் வந்தால் போதும்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரிகிற விஷயங்கள்தான்.

அப்பார்ட்மெண்டில் கரண்ட் போய்விட்டது. 60 வீட்டுக்காரர்களும் தனித்தனியாக ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டால் லைன்மேன் எப்போது கிளம்புவார்? டிரான்ஸ்ஃபார்மர் போச்சு என்று ஒரே போன் போதும். அதேபோல ஒரு நெட்வொர்க் சுவிட்ச் செத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற 60 சர்வரும் 'நான் செத்தேன், நான் செத்தேன்' என்று கத்தக் கூடாது. எது எதைச் சார்ந்தது என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரே அலாரம் வரும், அதுவும் சுவிட்சுக்கு.

காலிங்பெல்லை அடித்துவிட்டு ஓடிப்போகிற வாண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சில சர்வர்களும் அப்படித்தான். ஒரு நிமிடம் பதில் சொல்லாது, அடுத்த நிமிடம் சிரித்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை பதில் வரவில்லையென்றதும் ஆளைக் கூப்பிடாதே, மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடு என்று வைத்தார்கள். இந்த வசதி நாகியோஸ் போன்றவற்றில் ஆதிகாலம் தொட்டு இருக்கிறது. யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

டிஸ்க் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 10 டெராபைட் டிஸ்க்கில் 90 சதவீதம் நிரம்பினாலும் 1 டெராபைட் காலி, அது ஒரு வருஷம்கூட வரலாம். 60 சதவீதத்தில் இருக்கிற இன்னொரு டிஸ்க் ஏதோ கோளாறில் இரண்டே மணி நேரத்தில் வழிந்துவிடலாம். தண்ணீர்த் தொட்டியில் அளவை மட்டும் பார்த்தால் போதுமா, மோட்டார் ஓடுகிற வேகத்தையும் பார்க்க வேண்டாமா? 'எவ்வளவு நிரம்பியிருக்கிறது' என்பதை விட்டுவிட்டு, 'இந்த வேகத்தில் எப்போது நிரம்பும்' என்று கேட்கச் சொன்னார்கள்.

இதில் டெக்னிக்கல் சமாச்சாரம் சுலபம் என்றான். கஷ்டமாக இருந்தது கையெழுத்து. எந்த அலாரத்தை எடுப்பதற்கும் டீமில் ஒருத்தரும் பெயர் போடத் தயாராயில்லை. கடைசியில் மேனேஜர் ஒரு தாளை எடுத்து, 'நீக்கியவை' என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாராம். அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. எனக்கு அந்த மனிதரை ஒருதரம் பார்க்க வேண்டும்போல இருந்தது.

உடனே 'எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டால் நிம்மதி' என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கிட்லேப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கிற தளம். 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி, களைத்துப்போன எஞ்சினீயர் ஒருவர் தவறான சர்வரில் இருந்த தகவல் தொகுப்பை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி பேக்கப் ஓடவே இல்லை. ஓடாததை மென்பொருள் சொல்லவில்லையா? சொன்னது. ஒவ்வொரு தடவையும் மெயில் அனுப்பியது. முறையான முத்திரை இல்லாத மெயில் என்று மெயில் சர்வர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது! தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

ஆக, மௌனத்துக்கும் இரண்டு அர்த்தம் உண்டு. எல்லாம் நலம் என்பது ஒன்று. சொல்ல வேண்டியவனே செத்துப்போனான் என்பது இன்னொன்று. எங்கள் தெருவில் முன்பெல்லாம் ராத்திரியில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவார். அதைக் கேட்டு யாரும் எழுந்ததில்லை, சொல்லப்போனால் அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். விசில் கேட்காத ராத்திரிதான் அம்மா எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவாள். நல்ல கண்காணிப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. முக்கியமான விஷயங்கள் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சத்தமில்லாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவு நின்றால்தான் அலாரம் அடிக்கும்.

நான் சர்வர் ரூமில் வேலை பார்க்கவில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம் என்கிறீர்களா? உங்கள் சட்டைப்பையில் ஒரு சர்வர் ரூம் இருக்கிறது. அதை எடுத்து மெசேஜ் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடன் வேண்டுமா, ஆடித் தள்ளுபடி, வீட்டுமனை விற்பனை. அதற்கு நடுவே எங்கேயோ வங்கியிலிருந்து ஒரு வரி: உங்கள் கணக்கிலிருந்து இத்தனை ரூபாய் எடுக்கப்பட்டது. எடுத்தது நீங்கள்தானா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆசாமி யாரோ உங்கள் கணக்கில் கை வைத்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் புகார் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் ஒரு ரூபாய்கூட உங்கள் தலையில் விழாது என்றது. தாமதமாக ஆக, உங்கள் பங்கு ஏறும். எண்ண ஆரம்பிப்பது எந்த நாளிலிருந்து? அந்த ஒற்றை வரி மெசேஜ் வந்த நாளுக்கு அடுத்த வேலை நாளிலிருந்து. நீங்கள் படித்த நாளிலிருந்து அல்ல.

அதனால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். போன் செட்டிங்கில் போய், எந்தெந்த ஆப் உங்களைக் கூப்பிடலாம் என்ற பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றிடமும் அந்த மேனேஜர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: 'நீ கூப்பிட்டு நான் என்றைக்காவது எழுந்து வந்திருக்கிறேனா?' இல்லையென்றால் வாயை மூடுங்கள், ஆப்பின் வாயை. வங்கி, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயசான அப்பா அம்மா, இவர்களுக்கு மட்டும் தனிச் சத்தம் வையுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய்ப் பாருங்கள். மற்றதெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.